காது கொடுத்துக் கேட்ட மாமேதை சர் சி.வி. இராமன்



சர் சி.வி. இராமன் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ஒளிச்சிதறல், பிப்ரவரி 28, நோபல் பரிசு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம், மறந்துவிட்டோம். நானும் அப்படித்தான். ஆனால் ஒளிக்காகப் புகழ் பெற்ற இவர் ஒலிக்காகவும் காதுக்காகவும் எவ்வளவு பாடுபட்டார் என்று நூலகத்தில் படித்தபோது ஆச்சரியப்பட்டுப் போனேன்.

நான் காதைப் பற்றித் தேடியதற்குக் காரணம் எங்கப்பா. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இருபது வருஷமாக இரும்புத் தகடு அடிக்கிறார். இப்போது பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ரோட்டில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால், எந்தப் பக்கம் வருது என்று தெரியாமல் திகைத்து நிற்பார். ஏன் இப்படி ஆகிறது என்று தேடப் போய்த்தான் இராமனிடம் வந்து சேர்ந்தேன்.

இராமன் 1888 நவம்பர் 7ந் தேதி திருச்சியில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலின் வாசிப்பவர். நம்ம மெரினாவுக்கு எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில்தான் இராமன் படித்தார். 1904ல் பி.ஏ., 1907ல் எம்.ஏ. முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1906ல் இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18. என் வயசுதான்!

சீமைக்குப் போய்ப் படிக்க உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நிதித்துறைப் பரீட்சை எழுதிக் கல்கத்தாவில் உத்தியோகம் ஏற்றார். பகலெல்லாம் கணக்கு, காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. இப்படிப் பத்து வருஷம்! ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஒலியைப் பற்றியதுதான். மனைவி லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிப்பார். ஆய்வுக்கூடத்தில் துணையாக இருந்தவர் ஆசுதோஷ் டே. அவர் கல்லூரிப் பக்கமே போகாதவர். டிப்ளமா படிக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

வயலினை ஆராய்வதில் ஒரு சிக்கல் வந்தது. மனிதன் கை எப்போதும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் வில்லை இழுக்காது. இராமன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு யந்திரமே செய்துவிட்டார். அதில் வில் அப்படியே நிற்கும். நம்ம ஷேப்பர் மெஷினில் ராம் போய் வருகிற மாதிரி வயலின் போய் வரும். 1920ல் இதைப் பற்றி எழுதினார்.

அதே 1920ல் நம் தோல் வாத்தியங்களைப் பற்றியும் எழுதினார். சாதாரண மேளத்தை அடித்தால் அடிப்படை அதிர்வோடு 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கில்லாத அதிர்வுகள் எழும். அதனால் சத்தம் வருமே தவிர சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாகக் கரணை போடுகிறார்களே, அந்தப் பாரம்தான் அதிர்வுகளை 2, 3, 4, 5 என்று முழு மடங்குகளாக ஆக்குகிறது. தோல்மேல் மணலைத் தூவி, அது கோலம் போல ஒதுங்குவதைப் பார்த்தே இதை நிரூபித்தார். 1934ல் விரிவாகவும் எழுதினார். பெயர் தெரியாத கைவினைஞர்கள் காதால் கண்டுபிடித்ததை அவர் கணக்கால் காட்டினார்.

1917ல் அரசு வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1928ல் இராமன் விளைவு, 1930ல் நோபல் பரிசு, 1933ல் பெங்களூர். இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை கடைசியில் இருக்கிறது. 1970 அக்டோபர் 2ந் தேதி பெங்களூரில் தம் கடைசி காந்தி நினைவுச் சொற்பொழிவை ஆற்றினார். வயது 81. எடுத்துக்கொண்ட பொருள் காதுக்குள் இருக்கும் காக்ளியாவும், நாம் ஒலியை உணரும் விதமும். அடுத்த ஏழு வாரத்தில், நவம்பர் 21ந் தேதி மறைந்தார்.

அந்தப் பொருளில் விஞ்ஞானம் இன்று எவ்வளவோ தூரம் போயிருக்கிறது. காக்ளியா நத்தைக்கூடு போலச் சுருண்ட குழாய். உச்ச சுருதிக்கு அதன் வாசலும், தாழ்ந்த சுருதிக்கு உள்முனையும் அதிரும். அங்கே சுமார் 3,500 உள் மயிர்ச் செல்கள் அதிர்வை மின்துடிப்பாக மாற்றுகின்றன. அது சுமார் 30,000 நரம்பு இழைகள் வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. தாழ்ந்த ஒலி என்றால் நரம்புகள் அலையின் தாளத்துக்கே துடிக்கும். ஒரே நரம்பால் ஒவ்வொரு அலைக்கும் துடிக்க முடியாது. அதனால் ஒரே இரும்பை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிக்கிற மாதிரி, பல நரம்புகள் முறை போட்டுத் துடிக்கின்றன.

வலப்பக்கம் ஹாரன் அடித்தால் இடது காதுக்கு அது கொஞ்சம் தாமதமாக வரும். அதிகபட்சத் தாமதமே வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூளைத்தண்டில் உள்ள நரம்புச் செல்கள் இரண்டு காதின் துடிப்பையும் ஒப்பிட்டு, ஒலி எந்தப் பக்கம் என்று காட்டுகின்றன. வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட நம்மால் உணர முடியும். எந்த ஒர்க்‌ஷாப் மைக்ரோமீட்டருக்கு இந்த நுட்பம் உண்டு?

ஆனால் அந்த மயிர்ச் செல்கள் பேரிரைச்சலில் செத்துப் போனால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. செல் போனால் மூளைத்தண்டுக்குச் சரியான சேதி போகாது. அப்பா ரோட்டில் திகைத்து நிற்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. முன்பு கோபப்பட்டுக் கத்துவேன். இப்போது முன்னால் போய் நின்று, முகம் பார்த்து மெதுவாகப் பேசுகிறேன்.

நண்பர்களே! நாளைக்கு எண்ணூரிலோ துறைமுகத்திலோ நாமும் வேலைக்குப் போவோம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லை. கிரைண்டிங், சிப்பிங் வேலைக்கு நிற்கும்போது காதுக்கு அடைப்பான் போடுவதைக் கேலியாக நினைக்காதீர்கள். அவன் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு மாமேதை 81 வயதிலும் ஆராய்ந்து முடிக்காத அற்புதம் நம் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதைக் காப்போம்!



— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்