விண்ணில் ஒரு சிறு மேகம்: வானவியலறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி

வானவியலைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள் பலர் இன்று உலகெங்கும் உள்ளனர். அவர்கள் மொட்டை மாடியிலும் ஊர்ப்புறத்துத் தோட்டத்திலும் சிறு தொலைநோக்கியோடு கேமராவைப் பொருத்தி, தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் படம் பிடித்து வருகின்றனர். இக்கலையைப் பழகுவோரில் பலர் முதலில் நாடுவது ஆண்ட்ரோமீடா மண்டலத்தையே. நம்மிடமிருந்து ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அம்மண்டலத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துக் குறிப்பு, கி.பி. 964-ஆம் ஆண்டளவில் அரபு மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலில் இருக்கிறது. அந்நூலின் ஆசிரியரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

அபுல் ஹுஸைன் அப்துர் ரஹ்மான் இப்னு உமர் அஸ்ஸூஃபி, ஹிஜ்ரி 291, முஹர்ரம் 14-ஆம் நாள் (கி.பி. 903, டிசம்பர் 7) ரை நகரில் பிறந்தார். இன்றைய ஈரான் தலைநகரான தெஹ்ரானின் தென்புறத்தில் அமைந்த பழம்பெரும் நகரம் அது. பிற்காலத்தில் அவ்வட்டாரத்தைப் புவைஹிகள் எனும் அரச குடும்பத்தினர் தம் கைக்குள் கொண்டுவந்தனர். பக்தாதின் கலீஃபா பெயரளவில் தலைவராக இருக்க, ஆட்சி இவர்களிடமே இருந்தது. அரசியல் எவ்வாறிருப்பினும், கற்றோரை அழைத்து ஆதரிப்பதில் இக்குடும்பத்தார் ஒருவரோடொருவர் போட்டியிட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

அஸ்ஸூஃபியின் இளமைக் காலம் பற்றிய செய்திகள் மிகக் குறைவு. ஹிஜ்ரி 335-இல் அவர் அமைச்சர் இப்னுல் அமீதுடன் தீனவர் நகருக்குச் சென்றதும், 337-இல் இஸ்ஃபஹானில் இருந்ததும் அவரது நூலின் முன்னுரையாலேயே தெரிய வருகின்றன. தீனவர் பயணம் நம் கவனத்திற்குரியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் அவ்வூரில் வாழ்ந்த அபூ ஹனீஃபா அத்தீனவரீ (இவர் தாவரவியலிலும் வானவியலிலும் பெயர் பெற்றவர், ஃபிக்ஹு மேதை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் வேறு, இவர் வேறு) விண்மீன்களைப் பற்றி எழுதிய நூல் அறிஞர்களிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தது. அவர் விண்ணை நோக்கிய இடத்தை அஸ்ஸூஃபி நேரில் சென்று பார்த்தார். ஆனால் அந்நூலை வானத்தோடு வைத்து ஒப்பிட்டபோது, ஆசிரியர் பழைய வழக்குகளையும் செவிவழிச் செய்திகளையும் பெரிதும் சார்ந்திருந்தார் என்ற முடிவுக்கு வந்தார். அக்கலையில் எழுதப்பட்டவற்றுள் அந்நூலே சிறந்தது என்று ஒப்புக்கொண்ட பின்னரும் இக்குறையைச் சொல்ல அவர் தயங்கவில்லை.

மறுபுறம், கிரேக்க அறிஞர் தாலமியின் அல்மஜஸ்தி நூலைப் பின்பற்றியோர் இருந்தனர். வானத்தை உருண்டை வடிவில் செய்து அதன்மேல் நட்சத்திரங்களைக் குறிப்பது அவர்களது வழக்கம். அத்தகைய உருண்டைகள் பலவற்றை ஆராய்ந்த அஸ்ஸூஃபி, அவற்றைச் செய்தோர் ஏட்டிலுள்ள எண்களை மட்டும் பார்த்துப் புள்ளி வைத்தார்களே ஒழிய, அந்தந்த நட்சத்திரத்தை வானில் கண்டறிந்தவர்கள் அல்லர் என்று கண்டார். புகழ்பெற்ற அல்பத்தானீயும் அவரது கண்டனத்துக்குத் தப்பவில்லை. ஒரு சாரார் ஏட்டை நம்பினர், மறு சாரார் பழங்கதையை நம்பினர். இரு சாராரும் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கவில்லை என்பதே அவரது மனக்குறை.

இக்குறையைத் தீர்க்க அவருக்கு வாய்ப்பளித்தவர் புவைஹி மன்னர் அளுதுத் தவ்லா. சிறுவராக இருந்தபோதே கி.பி. 949-இல் பாரஸீக மாநிலத்தின் ஆட்சிக்கு வந்து, பிற்காலத்தில் பக்தாதையும் கைக்கொண்டு, அங்கே தம் பெயரால் பெரியதொரு மருத்துவமனையை நிறுவியவர் அவர். நட்சத்திரங்களைப் பற்றிய அறிவில் தமக்கு ஆசான் அஸ்ஸூஃபியே என்று இம்மன்னர் பெருமையோடு கூறி வந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். ஷீராஸ் நகரில், மன்னரின் பெயர் தாங்கிய பெரிய வளையக் கருவியைக் கொண்டு, கி.பி. 970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூரியனின் உச்ச நிலைகளை அஸ்ஸூஃபி அளந்தார். உஸ்துர்லாப் எனும் கருவியின் பயன்கள் குறித்தும் விரிவாக எழுதினார். மன்னருக்காக அவர் செய்த வெள்ளியாலான வான உருண்டையொன்று அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் கெய்ரோ நூலகத்தில் காணப்பட்டது என்பர்.

எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது, அறுபது வயதளவில் அவர் எழுதி மன்னருக்குக் காணிக்கையாக்கிய "ஸுவருல் கவாகிப்" எனும் நிலையான நட்சத்திரங்களின் உருவங்கள் பற்றிய நூலேயாகும். தாலமி வகுத்த 48 நட்சத்திரக் கூட்டங்களையும் அது ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகிறது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் இரண்டு படங்கள் உண்டு: வானத்தில் நாம் காணும் தோற்றம் ஒன்று, உருண்டையின் மேல் இடவலம் மாறித் தெரியும் தோற்றம் மற்றொன்று. படம் பிழையின்றி அமைய, மெல்லிய தாளை உருண்டையின் மேல் பொருத்தி நட்சத்திரங்களை அப்படியே பதிவெடுத்ததாக அவர் சொன்ன செய்தியை அல்பிரூனீ பாதுகாத்துத் தந்துள்ளார்.

இந்நூலைப் பற்றி நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நட்சத்திரங்களின் இருப்பிடங்களை அஸ்ஸூஃபி புதிதாக அளக்கவில்லை. தாலமியின் அளவுகளோடு 12 பாகை 42 கலையைக் கூட்டித் தம் காலத்துக்கு மாற்றிக் கொண்டார். நட்சத்திரங்கள் 66 ஆண்டுகளுக்கு ஒரு பாகை நகர்கின்றன என்பது மஃமூன் காலத்து அறிஞர்களின் கணக்கு; அதையே அவர் கைக்கொண்டார். தாலமி 100 ஆண்டுகள் என்றிருந்தார். இன்றைய அளவின்படி அது ஏறத்தாழ 72 ஆண்டுகள். அவர் முழு உழைப்பையும் செலுத்தியது வேறிடத்தில். எந்த நட்சத்திரம் எவ்வளவு ஒளி உடையது என்பதை ஒவ்வொன்றாகத் தம் கண்ணால் நோக்கி மீண்டும் தரப்படுத்தினார். ஆறு தரங்கள் போதாமல், ஒரு தரத்திலேயே பெரியது, சிறியது என உட்பிரிவுகளையும் வைத்தார். தாலமியின் பட்டியலில் இடம்பெறாத நூற்றுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைக் குறிப்பிட்டார். அதோடு கிரேக்கப் பெயர்களுக்கு அருகில், பாலைவன அரபிகள் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்த பெயர்களையும் எழுதி வைத்தார்.

அந்தச் சிறு மேகம் நூலில் இடம்பெறுவதும் இவ்வாறுதான். கிரேக்கர்கள் ஆண்ட்ரோமீடா என்றும், அரபு ஏடுகள் சங்கிலியிடப்பட்ட பெண் என்றும் அழைத்த நட்சத்திரக் கூட்டத்தின் குறுக்கே, அரபிகள் ஒரு பெரிய மீனின் வடிவத்தைக் கண்டிருந்தனர். அந்த மீனை அஸ்ஸூஃபி வரைந்தார். அதன் வாயருகே மேகத் தீற்றல் போன்ற ஒன்று இருப்பதாக எழுதி, அது எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் உள்ளது என்பதையும் சுட்டினார். படத்தில் அவ்விடத்தில் புள்ளிகளின் சிறு தொகுதி காணப்படுகிறது. அவ்வளவே. புதியதொன்றைக் கண்டுபிடித்த ஆரவாரம் அவர் எழுத்தில் இல்லை. எல்லோரும் அறிந்த ஒன்றைக் குறிப்பது போலவே எழுதிச் செல்கிறார். அரபிகளின் கண்ணுக்கு அது முன்னரே பழக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

இங்கே, நம் பத்திரிகைகளில் அடிக்கடி காணப்படும் ஒரு கூற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. தென்வானிலுள்ள பெரிய மெகல்லன் மேகத்தையும் முதலில் கண்டவர் அஸ்ஸூஃபியே என்று எழுதி வருகின்றனர். அவர் நூலில் உள்ளது வேறு. ஸுஹைல் நட்சத்திரத்திற்கு, அதாவது நாம் அகத்திய நட்சத்திரம் என்று வழங்குவதற்கு, கீழே ஈராக்கிலும் நஜ்திலும் தென்படாத வெண்மையான நட்சத்திரங்கள் சில இருப்பதாகவும், செங்கடலோரத் திஹாமா மக்கள் அவற்றைப் பசுக்கள் என்று அழைப்பதாகவும் சிலர் சொல்லக் கேட்டதை அவர் பதிவு செய்கிறார். தாலமி இதைப் பற்றி ஏதும் கூறவில்லை என்றும், இது மெய்யா பொய்யா என்று தமக்குத் தெரியாது என்றும் உடனே சேர்த்து எழுதுகிறார். இஸ்ஃபஹானிலிருந்து பார்ப்பவருக்கு அம்மேகம் அடிவானத்திற்கு மேல் எழுவதே இல்லை. காணாததைக் கண்டதாக அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததை அவர் பெயரில் நாம் சொல்வது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது; ஏட்டை மட்டும் நம்பியோரைக் கண்டித்த ஒருவருக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

அளுதுத் தவ்லா கி.பி. 983-இல் காலமானார். மூன்றாண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 376, முஹர்ரம் 13-இல் (கி.பி. 986, மே 25) அஸ்ஸூஃபியும் மறைந்தார். ஹிஜ்ரி கணக்கில் 85 ஆண்டுகள் நிறைவுற ஒரு நாளே குறைந்த வாழ்வு அது.

அவர் நூல் அவருக்குப் பின்னும் நெடுந்தூரம் சென்றது. அல்பிரூனீ அதைப் பயன்படுத்தினார். நஸீருத்தீன் தூஸீ பாரஸீகத்தில் மொழிபெயர்த்தார். ஸமர்கந்தில் உலூக் பேக் 15-ஆம் நூற்றாண்டில் புதிய நட்சத்திரப் பட்டியல் தயாரித்தபோது, தம் ஊரிலிருந்து காண இயலாத தென்திசை நட்சத்திரங்களுக்கு அஸ்ஸூஃபியையே நம்பினார். ஸ்பெயினின் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோவின் அவையில் எழுதப்பட்ட நட்சத்திர நூலுக்கும் இது ஆதாரமாயிற்று. ஐரோப்பியர் இவரை அஸோஃபி என்று அழைத்தனர்; சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு இன்றும் அப்பெயர் உண்டு. 1954-இல் ஹைதராபாதின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் இந்நூலின் அரபு மூலத்தை அச்சிட்டு வெளியிட்டது என்பது நம் நாட்டுக்குரிய சிறப்பு.

ஆனால் அந்த மேகம் என்னவென்று நெடுங்காலம் எவருக்கும் தெரியவில்லை. ஜெர்மனியின் ஸைமன் மாரியஸ் 1612-இல் தொலைநோக்கியால் அதைப் பார்த்தார். பிரான்ஸின் மெஸ்ஸியே 1764-இல் தம் பட்டியலில் 31-ஆவது எண்ணாகச் சேர்த்தார். அப்போது அவர் முதற்பெருமையை மாரியஸுக்கே அளித்தார், அஸ்ஸூஃபியை அறியார். பெரிய தொலைநோக்கிகளிலும் அது புகைமூட்டமாகவே தெரிந்தது. காரணம், நமது கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. நொடிக்கு நொடி வந்ததை அப்போதே கண்டு விட்டுவிடுகிறது. புகைப்படத் தகடோ மணிக்கணக்கில் விழும் ஒளியை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கொள்ளும். பூமி சுழல்வதால் நகரும் வானத்தைக் கருவியும் அதே வேகத்தில் பின்தொடர வேண்டும், அவ்வளவே. இதைச் செய்து காட்டியவர் ஐசக் ராபர்ட்ஸ். கட்டடத் தொழில் நடத்திப் பொருளீட்டி, ஆர்வத்தால் வானவியலுக்கு வந்தவர். இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகே, 20 அங்குலத் தொலைநோக்கியால் 1888-இல் அவர் எடுத்த படத்தில்தான் அம்மேகத்தின் சுருள் வடிவம் முதன்முதலாகத் தெரிந்தது. புதிதாக உருவாகி வரும் ஒரு சூரிய குடும்பம் என்றே அவர் எண்ணினார். 1923-இல் எட்வின் ஹப்பிள், அதனுள் ஒளி மாறும் நட்சத்திரமொன்றைக் கண்டு தொலைவைக் கணக்கிட்ட பிறகே, அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனியொரு விண்மீன் மண்டலம் என்பது நிலைபெற்றது.

ஆர்வலர்களின் பணி அத்தோடு முடிந்துவிடவில்லை. பிரான்ஸைச் சேர்ந்த யான் ஸேன்ட்டி என்பவர் 2022-இல், நூறு மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவெடுத்த ஆண்ட்ரோமீடா படங்களில், ஆக்ஸிஜன் வாயுவின் ஒளி மட்டும் காட்டும் மங்கலான நீல வளைவொன்று வெளிப்பட்டது. அவர் தம் நண்பர்களான ஸேவியர் ஸ்ட்ராட்னர், மார்ஸெல் ட்ரெக்ஸ்லர் ஆகியோருடன் அதை ஆராய்ந்து, தொழில்முறை அறிஞர்களின் துணையோடு 2023 ஜனவரியில் வெளியிட்டார். வானில் மிக அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட இடங்களுள் ஒன்றில் இத்தனை காலமும் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது அது. அவ்வளைவு அம்மண்டலத்தின் அருகே உள்ளதா, நம் பால்வீதியிலேயே முன்புறமாக உள்ளதா என்பது பற்றி அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர்.

அஸ்ஸூஃபி கண்டதைக் காண நமக்குக் கேமராவோ தொலைநோக்கியோ தேவையில்லை. டிசம்பர் தொடக்கத்தில், நிலவு இல்லாத இரவில், இஷா தொழுகைக்குப் பின் மின்விளக்கு எட்டாத வயல்வெளிக்கோ கடற்கரைக்கோ சென்று வடக்கு நோக்கி நிற்க வேண்டும். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். வடவானில் ஐந்து நட்சத்திரங்கள் ஆங்கில எம் எழுத்தைப் போல் நிற்கும். உச்சிக்கு அருகே நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாக அமையும். இவ்விரண்டுக்கும் இடையே, நேராக உற்று நோக்காமல் சற்றே பக்கவாட்டில் பார்வையைச் செலுத்தினால், மங்கலான அந்தத் தீற்றல் புலப்படும்.