காசுக்கடையில் இருந்த கவிராயர்



எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ராமர் கதை முழுக்கத் தெரியும். எல்லாம் கூத்துப் பார்த்தே கற்றது! அந்தக் கதையைப் பாட்டு நாடகமாகவே எழுதிய ஒருவரின் வாழ்க்கையைப் படித்தேன். அவர்தான் சீர்காழி அருணாசலக் கவிராயர்.

1711-இல் தில்லையாடியில் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். தருமபுரம் ஆதீனத்தில் தங்கித் தமிழும் வடமொழியும் கற்றார். படித்து முடித்ததும் பதவி வந்து கதவைத் தட்டிவிடவில்லை. ஊரில் காசுக்கடை வைத்துப் பிழைத்தார். ஆனாலும் ஏட்டைக் கீழே வைக்கவில்லை!

பிறகு சீர்காழிக்குக் குடிபெயர்ந்தார். சீர்காழிக் கோவை, அசோமுகி நாடகம் முதலியவற்றை எழுதினார். அசோமுகி, கந்தபுராணத்தில் வரும் ஆட்டுமுக அரக்கி, சூரபத்மனின் தங்கை. இன்று அந்த நாடகத்தை அறிந்தவர் குறைவு.

அவருக்கு அழியாப் புகழ் தந்தது ஏறக்குறைய அறுபது வயதில் எழுதிய இராம நாடகக் கீர்த்தனை. பாட்டாலேயே கதை நடத்தும் இப்படிப்பட்ட நாடகத்தை மேல்நாட்டில் ஆப்பரா என்பார்கள். அதே 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அது கொடிகட்டிப் பறந்தது.

கம்பனைக் கரைத்துக் குடித்த கவிராயர், பாட்டுக்கு மெட்டமைக்க யாரை நாடினார் தெரியுமா? தன்னிடம் பாடம் கேட்ட சட்டநாதபுரத்துக் கோதண்டராமையரையும் வெங்கடராமையரையும்தான். குருவே சீடர்களிடம் உதவி கேட்டார்!

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் டிராயிங் புரியவில்லை. பக்கத்து பெஞ்சில் கேட்டால் சிரிப்பாங்களோ என்று வாயைத் திறக்கவே இல்லை. விளைவு? அரியர்! அடுத்த முறை கூச்சத்தை விட்டுக் கேட்டேன், பாஸ்!

இராம நாடகம் திருவரங்கத்தில் அரங்கேறியது. நம்ம ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் வாழ்ந்த அதே திருவரங்கம்! சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கவிராயரை ஆதரித்தார். 1779-இல் அவர் மறைந்தார். பேச்சு வழக்கும் பழமொழியும் கலந்து எழுதியதால் அவர் பாட்டு பாமரருக்கும் புரிந்தது. இன்றும் கச்சேரி மேடைகளில் அது ஒலிக்கிறது.

நண்பர்களே! நாளை ஒரகடத்துக் கம்பெனிகளில் நாம் மெஷின் முன்னால் நிற்கலாம். தெரியாததை யாரிடமும் கேட்போம். தெரிந்ததை எங்க பாட்டிக்கும் புரிகிற மாதிரி சொல்வோம். கவிராயர் காட்டிய வழி அதுதான்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்