தந்தையின் கண்ணீர்

ஜவ்வாது மலையில் நான் ஆசிரியையாகப் பணியாற்றிய நாள்களில், ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பகலவனைக் காண்பதே அரிதாகிவிடும். மேகம் சற்று விலகினால் போதும், மலைவாழ் பிள்ளைகள் முற்றத்திற்கு ஓடுவர். அக்காட்சியைக் காணும்போதெல்லாம், கத்தியவாரில் இவ்வாறே வானத்தை அண்ணாந்து நோக்கி நின்ற ஒரு சிறுவர் என் நினைவிற்கு வருவார். அவரே பின்னாளில் உலகம் வணங்கிய காந்தியடிகள்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தவர் அவர். அன்னை புத்லிபாய் நோன்பு நோற்பதில் சிறந்தவர். ஒரு சாதுர்மாசத்தில் கதிரவனைக் கண்டாலன்றி உண்பதில்லை என விரதம் பூண்டார். பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் காத்திருந்து, ஒளி தோன்றியதும் அன்னையிடம் ஓடிச் சொல்வர். அவர் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். அன்றும் உணவில்லை, ஆயினும் அம்முகத்தில் வாட்டமில்லை. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லத்தார்க்கு அந்த அன்னையின் உள்ளத்தை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

தந்தையார் கரம்சந்த் காந்தி ராஜ்கோட்டில் திவானாக விளங்கியவர். ஏட்டுக்கல்வி குறைவு, கைத்தூய்மை நிறைவு. விரைவில் சினம் கொள்வார் என்பதும் உண்மை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தம் அரசரை இழிவாகப் பேசியபோது எதிர்த்துரைத்தார். மன்னிப்புக் கேட்க மறுத்தமையால் சில மணி நேரம் காவலில் வைக்கப்பெற்றும் பணியவில்லை. அவர் இல்லத்திற்குச் சமணத் துறவியர் வருவர், உணவும் ஏற்பர். இசுலாமிய, பார்சி நண்பர்களும் வந்து தத்தம் சமயத்தைப் பற்றி உரையாடுவர். அனைத்தையும் தந்தையார் மதிப்புடன் செவிமடுப்பார். அவர்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த மகனும் கேட்டுக்கொண்டிருப்பார்.

இத்தகைய இல்லத்திலும் பிள்ளை வழுவினார். தோழன் ஒருவனின் தூண்டுதலால் மறைவாகப் புலால் உண்டார். பெற்றோரிடம் பொய்யுரைக்க நேர்ந்ததே அவர் நெஞ்சை அறுத்தது. அவர்கள் உயிருடன் உள்ளவரை புலாலைத் தொடுவதில்லை எனத் துணிந்தார். பதினைந்தாம் அகவையில் இன்னொரு பிழை. தமையனார்க்கு இருபத்தைந்து ரூபாய்க் கடன் இருந்தது. அதனைத் தீர்க்க, அத்தமையனாரின் பொற்காப்பிலிருந்தே சிறு துண்டை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை.

தந்தையிடம் நேரில் சொல்ல நா எழவில்லை. செய்ததை எழுதி, தண்டனையும் வேண்டி, இனித் திருடுவதில்லை என்ற உறுதியும் சேர்த்து, நடுங்கும் கையால் நீட்டினார். தந்தையார் நோயுற்று வெறும் மரப்பலகையின் மேல் படுத்திருந்த காலம் அது. எழுந்தமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்தார். பின்னர்த் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் இல்லை. சினத்தை எதிர்பார்த்து நின்ற மகனும் அழுதார். அது தமக்கு அகிம்சையின் பாடம் எனப் பின்னாளில் அவரே தம் வரலாற்றில் குறித்தார்.

இதனை நான் காலங்கடந்தே உணர்ந்தேன். மலைப்பள்ளியில் சுண்ணக்கட்டியை எடுத்துச் சென்ற சிறுவன் ஒருவன் தானாகவே வந்து ஒப்புக்கொண்டபோது, என் கை பிரம்பைத்தான் நாடியது. மறுநாள் முதல் அவன் வரவில்லை. ஆசிரியப் பயிற்சியில் கற்ற உளநூல் அவ்வேளையில் எங்கே போயிற்றோ!

1885இல் தந்தையார் மறைந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து சென்று சட்டம் பயில மகன் விழைந்தபோது, அன்னை அஞ்சினார். அவ்வச்சத்தைத் தீர்த்தவர் குடும்பத்திற்கு அறிவுரை கூறிவந்த பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என அவர் முன்னிலையில் மோகன்தாஸ் விரதம் ஏற்றார். அதன் பின்னரே அன்னை விடை கொடுத்தார். 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார். இலண்டனில் உப்புச் சப்பில்லாத உணவும் அரைவயிறுமாய்ப் பல நாள் கழிந்தபோதும் அவ்விரதத்தைக் கைவிடவில்லை.

1891இல் தாயகம் திரும்பியதும், விரதம் காத்த செய்தியை அன்னையிடம் சொல்லும் ஆவல் அவர்க்கு இருந்தது. அன்னையோ முன்னரே மறைந்திருந்தார். அயல்நாட்டில் மகன் தனித்துத் துயருறலாகாதே எனத் தமையனார் அச்செய்தியை மறைத்து வைத்திருந்தார். பம்பாயில் கரையேறிய பின்னரே அதனைத் தெரிவித்தார். அதே நாளில், அந்நகரில், சமண நெறியில் தோய்ந்த இளைஞரான ஸ்ரீமத் ராஜ்சந்திரரைக் காந்தியடிகள் முதன்முறை சந்தித்தார்.