கவிஞர் கழகத்தில் ஒரு கணக்கர்

புலவர் அவையில் கணக்கருக்கு இடம் ஏது என்று வினவுவார் உளர். அவர்க்கு விடையாக வாழ்ந்தவர் டாக்டர் ஜான் ஆர்பத்நாட். 1714-இல் இலண்டனில் அலெக்சாண்டர் போப், ஜொனாதன் ஸ்விஃப்ட், ஜான் கே, தாமஸ் பார்னெல் ஆகியோர் கூடிய ஸ்கிரிப்ளீரஸ் கழகத்தில் அவரும் ஓர் உறுப்பினர். போலிப் புலமையை எள்ளி நகையாடுவதே அக்கழகத்தார் மேற்கொண்ட பணி.

1667-இல் ஸ்காட்லாந்தில் சமயகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஆர்பத்நாட். 1688-இல் நேர்ந்த ஆட்சி மாற்றத்தின் விளைவாகத் தந்தை பதவியிழந்தார். மகன் இலண்டன் சென்று கணிதம் கற்பித்து வாழ்ந்தார். ஹைகன்ஸ் இலத்தீனில் எழுதிய சூதாட்டக் கணக்கு நூலை 1692-இல் ஆங்கிலமாக்கினார். 1696-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1705-இல் ஆன் அரசியின் மருத்துவரானார். 1712-இல் அவர் எழுதிய அங்கத நூல்களில் தோன்றிய ஜான் புல் என்னும் பாத்திரம் இங்கிலாந்துக்கே உருவகமாக நிலைத்துவிட்டது.

எனினும் அறிவுலகில் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1710-இல் ராயல் சொசைட்டிக்கு அவர் அளித்த சிறு கட்டுரையாகும். 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளின் இலண்டன் திருமுழுக்குப் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். 1629-இல் ஆண் மகவு 5,218. பெண் மகவு 4,683. சராசரியையோ வேறுபாட்டின் அளவையோ அவர் நாடவில்லை. ஒவ்வோர் ஆண்டிலும் இரண்டனுள் எது மிகுதி என்பதொன்றையே நோக்கினார். 82 ஆண்டுகளிலும் ஆணே மிகுதி! இரண்டும் சமவாய்ப்புடையனவாயின், நாணயத்தைச் சுண்ட 82 முறையும் தலையே விழுவதற்கு ஒப்பாகும் இது. அதன் நிகழ்தகவு 25 இலக்க எண்ணொன்றில் ஒரு பங்கே. எனவே இது தற்செயலன்று எனத் துணிந்தார்.

இரு நிலைகளை ஒப்பிட்டு, தரவுகளின் பரவல் வடிவத்தைப் பற்றி எதுவும் கொள்ளாது, கூடுதல் குறைவு என்னும் குறியை மட்டும் எண்ணும் இம்முறையை இன்று குறிச் சோதனை என்பர். பண்பளவை சாராச் சோதனைகளுள் மூத்தது இதுவே. வேறுபாடுகளைத் தரவரிசைப்படுத்திக் குறியோடு சேர்த்து நோக்கும் முறையை ஃபிராங்க் வில்காக்சன் 1945-இல் வகுத்தார்.

ஆயின், ஆர்பத்நாட் அங்கே நிற்கவில்லை. தற்செயலன்று, ஆதலின் இது இறைவன் திருவருளே என்றும், பலதார மணம் இயற்கைக்கு மாறானது என்றும் முடிவு கட்டினார். சில ஆண்டுகளில் நிக்கோலஸ் பெர்னூலி மறுமொழி கூறினார். 35 முகங்கொண்ட பகடையில் 18 முகம் ஆணுக்கும் 17 முகம் பெண்ணுக்கும் உரியனவாயின், பதிவேட்டு எண்கள் பெரிதும் அதனோடு பொருந்தும் என்பது அவர் வாதம். வாய்ப்புச் சமமன்று என்பதையே சோதனை காட்டியது. ஏன் என்பதை அது காட்டவில்லை. போலிப் புலமையை நகைத்த பெருமகனும் எண்ணிக்கையின் எல்லையைக் கடந்து காரணத்துக்குத் தாவிவிட்டார்.

1714-இல் அரசி மறைய, ஆர்பத்நாட் அரண்மனைப் பதவியை இழந்தார். 1734-இல் நோயுற்றிருந்த நிலையில் போப்புக்கு எழுதிய மடலில், தீமையை இகழ்வதைக் கைவிடலாகாது, ஆனால் தண்டிப்பதினும் திருத்துவதையே நோக்கமாகக் கொள்க என வேண்டினார். அவர் பெயரால் போப் இயற்றிய கவிதை மடல் 1735 ஜனவரியில் வெளிவந்தது. பிப்ரவரி 27-இல் ஆர்பத்நாட் இயற்கை எய்தினார்.

சோதனை எதைச் சொல்லிற்றோ அதனோடு அமைவது கணக்கரின் அறம். அனுபவம் தந்ததற்கு மேல் ஒரு சொல்லும் மிகையாகச் சொல்லாதிருத்தல் கவிஞரின் அறம். இரண்டும் வேறல்ல என்பதை ஆர்பத்நாட்டின் வெற்றியும் கற்பிக்கிறது, பிழையும் கற்பிக்கிறது.