பென்னிகுக் பிறந்த தேதியை டைப் பண்ணிப் பாருங்க

உங்க லேபில் ஏதாவது ஒரு சிஸ்டத்தில் பழைய பைத்தான் 2.7 இருந்தா, 15-1-1841 என்ற தேதியைக் கொடுத்து ஸ்டர்-எஃப்-டைம் வச்சு பிரிண்ட் பண்ணச் சொல்லுங்க. 1900க்கு முந்தின வருஷம்னு எரர் அடிச்சு நின்னுடும். 3.2 வெர்ஷனில்தான் அந்தத் தடையைத் தளர்த்தினாங்க. அது யாரோட பிறந்தநாள்னு கம்பம், கூடலூர் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வருஷா வருஷம் லோயர் கேம்ப்பில் பொங்கல் வைப்பது அந்த ஜான் பென்னிகுக்கிற்குத்தான்.

பிறந்தது புனேயில். அப்பா ராணுவ அதிகாரி. 13-1-1849 அன்று சில்லியன்வாலா போரில் அப்பாவும் 17 வயது அண்ணனும் ஒரே நாளில் இறந்துபோனாங்க. ரெண்டு தேதியையும் கழிச்சுப் பாருங்க, பையனின் எட்டாவது பிறந்தநாளுக்கு இன்னும் ரெண்டே நாள்தான். அவரும் ராணுவப் படிப்பே படித்து, மதராஸ் இன்ஜினியர்ஸில் சேர்ந்து, 1860இல் இந்தியா திரும்பினார்.

மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பணும். இந்த யோசனை அவருக்கு முன்பே இருந்தது. கட்டிக் காட்டினவர் அவர். 1887இல் வேலை தொடங்கியது. தற்காலிக அணைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடிச்சுட்டுப் போச்சு. மலேரியாவிலும் காலராவிலும் ஏராளமான தொழிலாளர்கள் செத்தாங்க, அவங்க பேரை எந்த டேட்டாபேஸும் வச்சிருக்கல. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த அந்த அணை இன்னும் நிக்குது.

திறந்த நாள் 10-10-1895. ஆளுநர் வென்லாக் வந்திருந்தார். இதையே யாராவது 10/10/95 என்று எழுதி வச்சிருந்தா, ஸ்டர்-பி-டைம் அதை 1995 என்றுதான் படிக்கும். 69 முதல் 99 வரை எல்லாமே அதுக்கு 1900கள். நேரம் இன்னும் சிக்கல். அன்றைக்கு இந்திய நேரம் என்று ஒன்று கிடையாது, மதராஸ் நேரம்தான்: கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் 10 வினாடி முன்னால். அந்த 10 வினாடியை பைத்தான் 3.6 வரை ஏத்துக்காது, ஆஃப்செட் முழு நிமிஷமா இருக்கணும். 3.7இல்தான் விட்டுக்கொடுத்தாங்க.

அணைக்குப் பிறகு இங்கிலாந்து போய், கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த இன்ஜினியரிங் காலேஜுக்குத் தலைவரானார். 9-3-1911 அன்று காலமானார்.

ஆனா அவர் அணைக்கான குத்தகை அவரோட முடியல. 29-10-1886 அன்று திருவிதாங்கூரோடு கையெழுத்தானது. 1-1-1886இலிருந்து 999 வருஷம், அதாவது 2884 டிசம்பர் 31 வரை. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்குத் தண்ணீர் இந்தத் தேதியை நம்பித்தான் வருது. பாண்டாஸில் ஏத்திப் பாருங்க. 2.0க்கு முந்தின வெர்ஷன்கள் நானோ செகண்டில் எண்ணுவதால் 2262 ஏப்ரலோடு அதுங்க காலண்டர் முடிஞ்சிடும். எரர் வந்தா நல்லது, தெரிஞ்சிடும். நம்மில் பலர் எரர் வேண்டாம்னு கோயர்ஸ் ஆப்ஷன் போட்டுடுவோம். அப்போ ப்ரோக்ராம் சத்தமே இல்லாம ஓடி முடியும், குத்தகை முடியும் நாள் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் காலியா இருக்கும்.