கோயில் நகரங்களைக் கற்ற பேராசிரியர்

இந்தியக் கட்டடக்கலையின் வரலாற்றை மேனாட்டு முறையில் விரித்தெழுதிய முன்னோடி ஜேம்ஸ் ஃபெர்குசன். அவுரி வணிகத்தில் பொருளீட்டிய அவர், அப்பொருளின் துணையால் நாடெங்கும் சுற்றிச் சமணக் கோயில்களையும் பௌத்த குகைகளையும் தென்னாட்டுக் கோபுரங்களையும் ஆராய்ந்தார். 1876ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பெருநூலில் திருவரங்கத்துக்கும் இடம் உண்டு. ஆயினும் அவ்விடத்தில் அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. வெளிமதிலில் மாபெரும் வாயில் நிற்கிறது. உள்ளே செல்லச் செல்லக் கோபுரங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. நடுவே அரங்கன் பள்ளிகொண்ட கருவறை அவற்றுக்கெல்லாம் சிறியது. இவ்வரிசை தலைகீழாக அமைந்து உயர்ந்தவை நடுவில் நின்றிருந்தால் எத்தகைய அரிய படைப்பாக இருந்திருக்கும் என்று அவர் வருந்தினார்.

ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின், தனிக் கட்டடத்தைக் காட்டிலும் ஊரையே ஓர் உயிராகப் பார்க்கும் பழக்கமுடைய ஒருவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். கட்டடக்கலையை அவர் எங்கும் முறையாகப் பயிலவில்லை. செடிகொடிகளைப் பற்றிப் பாடம் சொல்லும் தாவரவியல் பேராசிரியராகவே பணியாற்றி வந்தார். அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். இன்று உலகெங்கும் நகரமைப்பியல் பயிலும் மாணவர் முதற்பாடங்களிலேயே கேட்கும் பெயர் அது.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படையில் பணியாற்றியவர். பெர்த் நகரை அடுத்த குன்றின் சரிவில் இருந்தது அவர்கள் வீடு. கீழே நகரமும் டே ஆறும் விரிந்து கிடக்கும் காட்சியைப் பார்த்தே சிறுவன் வளர்ந்தான். தாவரவியல் பயில எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் ஒரு வாரத்திலேயே அதை விட்டு நீங்கி, இலண்டனில் அறிஞர் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். பட்டம் எதையும் அவர் பெறவில்லை. பிற்காலத்தில் பேராசிரியர் இருக்கைகள் இரண்டில் அமர்ந்த ஒருவருக்கு இது வியப்பான தகுதியே.

1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றிருந்தபோது கண்ணொளி மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் அடைபட்டுக் கிடந்தார். சன்னலின் கண்ணாடிச் சட்டங்களை விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தை ஒதுக்கி, அவற்றின் உறவுகளை எண்ணிப் பார்க்கும் முறையொன்றை அங்கேதான் அவர் கண்டார். கண்ணொளி மீண்டது, நுண்ணோக்காடியில் நெடுநேரம் உழைக்கும் வலிமை மட்டும் மீளவில்லை. அதன்பின் அவர் பார்வை செடியின் உயிரணுவை விட்டுச் செடி வாழும் இடத்தின் மீதும், அங்கிருந்து மனிதர் வாழும் இடத்தின் மீதும் சென்றது. மலைமுகட்டிலிருந்து கடற்கரை வரை ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கை நெடுக்காக வெட்டிப் பார்த்தால், வேட்டுவர், ஆயர், உழவர், மீனவர் என ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தொழிலும் வாழ்வும் வரிசையாகத் தெரியும் என்று அவர் கற்பித்தார். திணைப் பகுப்பில் ஊறிய தமிழர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1886இல் ஆனா மார்ட்டனை மணந்தார். திருமணமான சிறிது காலத்தில், எடின்பரோவின் பழைய நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் குடியிருப்பில் தம்பதியர் குடியேறினர். இடிந்து விழும் நிலையில் இருந்த சிலவற்றை மட்டும் அகற்றினர், ஒளியும் காற்றும் புக வழி செய்தனர், சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், சன்னல்தோறும் பூச்செடி வைத்தனர், அக்கம்பக்கத்தாரையும் அப்பணியில் சேர்த்துக்கொண்டனர். பின்னாளில் கெடிஸ் இந்திய நகரங்களுக்குச் சொன்ன அறிவுரை முழுவதும் அந்த ஒரு முற்றத்தில் முளைத்ததே. 1892இல் அதே நகரில் ஓர் உயர்ந்த கட்டடத்தை நோக்குக் கோபுரமாக மாற்றினார். உச்சியிலிருந்து ஊரைப் பார்த்துவிட்டு, தளந்தோறும் இறங்கி, நாட்டையும் உலகையும் பற்றி அறியும்படி அது அமைந்தது. திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று காவிரியையும் கொள்ளிடத்தையும் இடையே அரங்கத்தீவையும் ஒருசேரக் கண்டவர்களுக்கு, இயற்கையே கட்டிக்கொடுத்த அத்தகைய நோக்குக் கோபுரம் ஒன்று நம்மிடம் இருப்பது தெரியும்.

1914இல் சென்னை ஆளுநர் பென்ட்லாண்ட் பிரபு கெடிஸை அழைத்தார். நகரங்களின் வரலாற்றைக் காட்டும் வரைபடங்கள், படங்கள், மாதிரிகள் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்து அவர் ஒரு கண்காட்சி அமைத்திருந்தார். அதை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் என்னும் கப்பலை, அந்த ஆண்டு அக்டோபரில் அரபிக்கடலில் ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்தது. சென்னை மீது குண்டு வீசிவிட்டுச் சென்ற அதே எம்டன்தான். அவருடைய வாழ்நாள் சேமிப்பு கடலடியில் கிடந்தது. கெடிஸோ திரும்பிச் செல்லவில்லை. நண்பர்கள் விரைந்து திரட்டி அனுப்பிய புதிய தொகுதியைக் கொண்டு, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது.

அதையொட்டி மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அவர் அறிக்கைகள் எழுதினார். அக்காலத்து நகராட்சிப் பொறியாளர்களின் மருத்துவம் எளிமையானது. நெருக்கமான தெருக்கள் நோய்க்கு இடம். ஆகவே அவற்றின் நடுவே அகன்ற நேர்ச்சாலைகளை வெட்டுவது. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே செல்வர் என்ற கேள்வி வரைபடத்தில் தோன்றுவதில்லை. அவர்கள் அடுத்த தெருவுக்குள் நெருக்கியடித்துப் புகுவதால் நோய் இடம் மாறுகிறதேயன்றி ஒழிவதில்லை என்பதைக் கெடிஸ் நேரில் கண்டு கூறினார். வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறையையே அவர் ஊருக்கும் வகுத்தார் எனலாம். முதலில் தெருத்தெருவாக நடந்து வீட்டையும் கிணற்றையும் மரத்தையும் குறித்துக்கொள்வது. பிறகு, பாழடைந்த சுவரையோ ஆளில்லாத குடிசையையோ அகற்றி, கிடைத்த வெளியில் ஒரு மரமும் ஒரு சிறு சதுக்கமும் அமைப்பது. இதற்குக் காக்கும் அறுவை மருத்துவம் என்று பெயரிட்டார். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் வரைந்த திட்டத்தில், பொறியாளர் இடிக்க எண்ணிய வீடுகளில் பெரும்பாலானவை நின்றன. செலவும் மிகக் குறைந்தது.

குளங்களைப் பற்றியும் அவர் வாதாடினார். கொசுவுக்கு அஞ்சி ஊர்க்குளங்களைத் தூர்ப்பது அந்நாளைய சுகாதார அதிகாரிகளின் வழக்கம். தூர்ப்பதற்கு மாறாக மீனையும் வாத்தையும் வளருங்கள், அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்பது கெடிஸ் சொன்ன மாற்று. குளம் மழைநீரைத் தாங்கும், காற்றைக் குளிர்விக்கும், ஊருக்கு அழகும் தரும். தெப்பக்குளத்தைச் சுற்றிக் கடைவீதி நெருங்கி நிற்கும் திருச்சியில் வாழ்பவர்கள் இந்த வாதத்தைக் குளக்கரையிலேயே நின்று எடை போடலாம்.

கெடிஸை மிகவும் கவர்ந்தவை தென்னாட்டின் கோயில் நகரங்கள். காஞ்சியின் அமைப்பைக் கண்டு அவர் அடைந்த மகிழ்ச்சி அளவற்றது. 1919இல் மாடர்ன் ரிவியூ இதழில் கோயில் நகரங்களைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். கோயிலையும் ஊரையும் பிரித்துப் பார்க்கலாகாது, இரண்டும் ஒரே திட்டத்தின் உறுப்புகள் என்பதே அவர் கண்ட உண்மை.

இந்தக் கண்ணோடு திருவரங்கத்தை நோக்கினால் ஃபெர்குசனின் மனக்குறை வேறு பொருள் பெறுகிறது. அங்கே 7 திருச்சுற்றுகள். உள் நான்கும் வழிபாட்டுக்கு உரியவை. வெளி மூன்றிலும் உத்திர வீதிகள், சித்திரை வீதிகள், அடையவளஞ்சான் வீதிகள் என்று ஊர் குடியிருக்கிறது. கருவறை பழையது, ஆகவே சிறியது. அதைக் காத்துக்கொண்டே, ஒவ்வொரு காலத்தவரும் வெளியே ஒரு சுற்றைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். மரத்தின் வயிரத்தைச் சுற்றி ஆண்டுவளையங்கள் விரிவது போன்ற வளர்ச்சி இது. பெரிய கோபுரம் வெளியே நிற்பது அதன் இயல்பு. உயர்ந்ததை நடுவில் நிறுத்த வேண்டுமானால் பழையதை இடித்தாக வேண்டும். அதைச் செய்ய அங்கே எவருக்கும் மனம் வரவில்லை.

தேரோடும் வீதியின் நுட்பம் இன்னும் சுவையானது. சித்திரைத் தேர் நான்கு வீதிகளையும் சுற்றி வரவேண்டும். ஆகவே வீதியின் அகலத்தைத் தேர் தீர்மானிக்கிறது. முனைகளில் தேர் திரும்ப வெளி வேண்டும். ஆகவே சந்திகள் அகன்றிருக்கின்றன. ஒருவர் திண்ணையைச் சற்று முன்னே நீட்டினால் அடுத்த திருவிழாவில் அது தேருக்குத் தடையாகிவிடும். எந்த நகராட்சிச் சட்டமும் பிறப்பதற்கு முன்பே, ஆண்டுதோறும் வந்து தெருவை அளந்து செல்லும் ஆய்வாளராகத் தேர் இருந்து வந்திருக்கிறது. அதை இழுத்தவர்களும் அத்தெருவில் வாழ்ந்தவர்களே.

ஆற்றுக்குத் தென்கரையில் நிகழ்ந்தது வேறு. திருச்சிக் கோட்டையின் மதில்கள் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அகழி இருந்த தடத்தை இன்று மேலப்புலிவார்டு சாலையும் கீழப்புலிவார்டு சாலையும் காட்டுகின்றன. அகன்ற நிழற்சாலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்து திருச்சி மக்களின் நாவில் புலியாகிவிட்டது. கோட்டை வாயில்களில் மெயின்கார்டு கேட் எஞ்சியது. மேலே, சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகளும் பல்லவர் குடைந்த குகையும் தாங்கிய பாறை மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தியாவில் கெடிஸின் பணி பெருகிய காலத்தில்தான் அவர் வீடு சிதைந்தது. 1917 ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். அப்போது ஆனா நோயுற்றிருந்தார். இச்செய்தியை அவரிடம் சொல்லக் கணவருக்குத் துணிவு வரவில்லை. மகன் முன்னே எழுதியிருந்த கடிதங்களைப் புதியன போலப் படித்துக் காட்டி வந்தார். ஜூன் மாதம் கல்கத்தாவில் ஆனா மகனின் முடிவை அறியாமலே கண்மூடினார். ஜேம்ஸ் கோர்ட்டில் உடன் நின்று வெள்ளையடித்த கை அது. கெடிஸ் துயரை வேலையில் புதைத்தார்.

மறு ஆண்டு இந்தூர். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. வரைபடத்துடன் தெருத்தெருவாய்த் திரிந்த வெள்ளைக்காரரைக் கண்டு, வீட்டை இடிக்க வந்தவர் என்று மக்கள் வெறுத்தனர். கெடிஸ் மன்னரிடம் ஒருநாள் ஆட்சியை வேண்டிப் பெற்றார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் செல்லாது. எத்தெருக்கள் மிகவும் தூய்மையாக உள்ளனவோ அவற்றின் வழியே செல்லும் என்று அறிவித்தார். ஊர் முழுவதும் துடைப்பம் எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் கொள்ளைநோயின் உருவமாகப் பெரிய எலியைச் செய்து கொண்டுவந்தனர்; துப்புரவுப் பணியாளர்கள் வெண்ணிற உடையுடன் மலர் சூடி நடந்தனர்; முடிவில் எலி எரிக்கப்பட்டது. தேரோட்டம் தெருவைக் காக்கும் என்ற தென்னாட்டுப் பாடத்தை அவர் எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தார் என்பதற்கு இந்தூரே சான்று.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைச் சமூகவியல், குடிமையியல் துறையின் முதற்பேராசிரியராக அமர்த்தியது. இந்தியச் சமூகவியலுக்குப் பின்னர் பெரும்பெயர் ஈட்டிய குர்யே அவருடைய மாணவர். அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றைக் கெடிஸ் எழுதி 1920இல் வெளியிட்டார். இந்திய நகரங்களுக்கென அவர் எழுதிய அறிக்கைகள் ஏறக்குறைய 50. அவற்றுள் பல அலமாரிகளில் உறங்கின. குறை முற்றிலும் அதிகாரிகளுடையது அன்று. கெடிஸின் பேச்சு தாடிக்குள்ளேயே பாதி மறையும். எழுத்து கிளை கிளையாகப் பிரிந்து ஓடும். தொடங்கிய நூல்கள் பலவற்றை அவர் முடிக்கவில்லை.

1924இல் உடல்நலம் குன்றி இந்தியாவை நீங்கிப் பிரான்சில் மோன்பெலியே நகரில் குடியேறி, அங்கே மாணவர்க்கென ஓர் இல்லம் கட்டினார். 1932ஆம் ஆண்டு அவருக்குச் சர் பட்டம் அளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.

உறங்கிய அறிக்கைகளிலிருந்து தேர்ந்த பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் என்னும் அம்மையார் தொகுத்து 1947இல் நூலாக்கினார். இடிக்காமல் காப்பது எப்படி என்று கேட்கும் இன்றைய நகரமைப்பு மாணவர்கள் அந்நூலைத் தேடிப் படிக்கின்றனர். திருவரங்கக் கோயிலின் புனரமைப்புப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அதற்கு முன்பே, ஃபெர்குசனும் கெடிஸும் வாழ்ந்த காலத்தில் மொட்டையாக நின்ற தெற்கு ராயகோபுரம், 1987இல் 13 நிலைகளுடன் 236 அடி உயரத்துக்கு எழுந்து நிறைவுற்றது. உயர்ந்தது இப்போதும் வெளியில்தான் நிற்கிறது. அதைக் கடந்து உள்ளே செல்பவர் முதலில் காண்பது ஊரை.