தமிழுக்கு மாணவரான மாமுனிவர்

உவமையணி, உருவக அணி, தற்குறிப்பேற்ற அணி என்ற பெயர்களைக் கேட்டதுமே நம்மில் பலருக்குத் தேர்வுத்தாள்தான் நினைவுக்கு வருகிறது. வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் பயிலும் நம் தோழியருக்கோ அச்சம் இரண்டு மடங்காகிறது. அவ்வச்சம் நீங்க, தமிழ் ஒரு சொல்லும் அறியாமல் நம் நாட்டுக்கு வந்து, தமிழுக்கே இலக்கணம் வகுத்துத் தந்த வீரமாமுனிவரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, பின்னர் குருப்பட்டம் பெற்றார். 1710-இல் கப்பலேறிக் கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டு தமிழகம் வந்தபோது அவருக்கு வயது முப்பது.

கற்பிக்க வந்தவர் முதலில் கற்க அமர்ந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். காவியுடுத்தி, புலால் நீக்கி, தமிழ்த் துறவியர்போல் வாழ்ந்தார். தைரியநாதர் என்று அழைக்கப்பட்டவரைத் தமிழுலகம் வீரமாமுனிவர் என்று போற்றியது.

கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கும், ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கும் ஆலயங்கள் எழுப்பினார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயர் சூட்டி, அவ்வூரின் பேரில் ஒரு கலம்பகமும் பாடினார். நம் அன்னை மரியாளின் துணைவரான புனித சூசையப்பரின் வாழ்வை மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியமாக்கினார்.

கவிஞர் பலர் பாடுவதோடு நின்றுவிடுவர். முனிவர் பாடும் முறையையும் பிறருக்கு எடுத்துரைத்தார். 1730-இல் அவர் இயற்றிய தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்து இலக்கணத்தையும் ஒரே நூலில் தருகிறது. நாம் பயிலும் நன்னூலில் கிடைப்பவை எழுத்தும் சொல்லும் மட்டுமே. யாப்புக்கு யாப்பருங்கலக் காரிகை, அணிக்குத் தண்டியலங்காரம் எனத் தனித்தனி நூல்களை நாட வேண்டும். ஐந்தையும் ஒருங்கே கூறிய நூல்கள் அவருக்கு முன் மிகச் சிலவே. தம் நூற்பாக்களுக்குத் தாமே உரையும் எழுதினார். அதனால் அந்நூலைக் குட்டித் தொல்காப்பியம் என்று அறிஞர் பாராட்டுகின்றனர்.

அந்த அணிகள் நமக்கு எட்டாதவை அல்ல. எண்ணூர்க் கடலில் இரவில் நிற்கும் கப்பல்களின் விளக்குகள் விண்மீன்கள்போல் மின்னுகின்றன என்றால் அது உவமை. விளக்காகிய விண்மீன்கள் என்றால் உருவகம். அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி வானத்தைத் தொடுகிறது என்றால் உயர்வு நவிற்சி. அலை கரைக்கு ஓடி வருவது இயற்கை. வலையிழுத்துக் களைத்த மீனவரின் பாதங்களைக் கழுவவே அது ஓடி வருகிறது என்று நம் கருத்தை அதன்மேல் ஏற்றிச் சொன்னால், அதுவே தற்குறிப்பேற்றம். நாம் அன்றாடம் பேசும் பேச்சில் இருப்பவற்றுக்கே இலக்கணம் பெயர் சூட்டியிருக்கிறது!

கற்பவரின் இடர்ப்பாட்டைத் தாமே அனுபவித்ததால் முனிவர் அதைப் போக்கவும் முயன்றார். ஓலைச்சுவடியில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைப்பது மரபு. ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டால் எரி எது, ஏரி எது என்று தெரியாது. குறிலையும் நெடிலையும் வடிவிலேயே வேறுபடுத்தும் வழியை அவர் காட்டினார். பொருள் அறிய நிகண்டுச் செய்யுள்களை மனப்பாடம் செய்த காலத்தில், 1732-இல் அகர வரிசையில் சொற்களை அடுக்கிச் சதுரகராதியை அளித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகள் கொண்டதால் அப்பெயர் பெற்றது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அறிவிலியான குருவையும் அவருடைய ஐந்து சீடரையும் பற்றிய பரமார்த்த குரு கதையை எழுதி, எள்ளல் சுவையை உரைநடைக்குத் தந்தார். அக்கதை இன்றும் நம்மைச் சிரிக்க வைக்கிறதன்றோ?

1747-இல் முனிவர் இறைவனடி சேர்ந்தார். பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவே இல்லை. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அத்திப்பட்டிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குச் செல்லும் நாளில் அச்சிலையைக் கண்டு வருவோம்.

முப்பது வயதில் அகரம் தொடங்கியவர் ஐந்திலக்கணம் தந்தார். பதினான்கு வயதில் அமர்ந்திருக்கும் நாம், நம் தாய்மொழி எதுவாயினும், தமிழ் நமக்கு வராது என்று சொல்லலாமா? தவறாக எழுதிவிடுவோமோ என்று நாணாமல், தெரியாததைக் கேட்டுக் கற்கும் பணிவையே முனிவரிடமிருந்து நாம் முதலில் பெற வேண்டும். அடுத்த அணியிலக்கண வகுப்பில் பாடநூலின் எடுத்துக்காட்டோடு நம் ஊரிலிருந்து ஒன்றையும் சேர்த்து எழுதுவோம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.